ஜூன் ஒன்றில் பிறந்தவர்கள்

அன்று திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் ஜோதிடக் கூடத்தில் இருந்தவர்கள்: கோவர்த்தனன் ஆகிய நான், புத்தூர்ப் பக்கம் பதினோரு ஏக்கர் கரும்புக்காரன், மூன்று தலைமுறையாக யாருக்கும் குனியாத குடும்பம்; சென்னையில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் மகள் ரூபா; பக்கத்து நிலத்து ரத்தினம்மா; அவள் மகன் சுனில்; டோக்கன் கொடுக்கும் சுலோசனா; சர்வமும் அறிந்த நாகபூஷணம் சுவாமி; பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டோடு வந்த பெற்றோர் சுமார் அறுபது பேர். அறிவு மட்டும் வரவில்லை.

வருஷம் 1998. ரூபாவை அவள் கம்பெனி அமெரிக்காவுக்கு அனுப்பத் தயாராக இருந்தது. திங்கட்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட் என் பீரோவில், சாவி என் இடுப்பில். கல்யாணமாகாத பெண் கடல் தாண்டினால் குடும்ப மானம் என்ன ஆவது? இதை நான் சொன்னால் பத்தாம்பசலி. கம்ப்யூட்டர் சொன்னால் விஞ்ஞானம். அதனால்தான் வந்தேன்.

"நைனா, அந்த மெஷினுக்குத் தானா ஒண்ணும் தெரியாது. உள்ள என்னா போடறோமோ அதான் வெளிய வரும்" என்றாள் ரூபா, வரிசையில் நின்றபடி.

"நீ கம்ப்யூட்டரையே கண்டுபிடிச்சவ பாரு!"

"கண்டுபிடிக்கல. ரிப்பேர்தான் பண்றேன். கம்ப்யூட்டர்ல வருஷத்தைக் கடைசி ரெண்டு நம்பர்ல மட்டும் எழுதி வச்சிட்டு, ரெண்டாயிரமாவது வருஷம் வந்தா என்னா பண்றதுன்னு முழிச்சிக்கினு இருக்கானுங்க. அதுக்குத்தான் ஆள் கேக்கறானுங்க."

"ரிப்பேருக்குப் போயி அமெரிக்காவா?"

"உங்க கரும்பு வெட்ட எங்கெங்கிருந்தோ ஆளுங்க வர்றாங்க இல்ல? அதேதான்."

சுலோசனா ஜாதகம் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டைத்தான் ஒத்துக்கும்" என்றாள். பிறகு மெதுவாக, "பாப்பா போறது உங்களுக்கு இஷ்டமா, பெரியவரே?"

"துளிகூட இல்லை."

டோக்கனில் ஏதோ கிறுக்கிக் கொடுத்தாள்.

உள்ளே திரை மின்னியது. அச்சு இயந்திரம் அலறியது. சுவாமி காகிதத்தைக் கிழித்து வாசித்தார்: "ஜூன் ஒன்று, எழுபத்தைந்து. கடல் தாண்டினால் குலத்துக்கு இழுக்கு."

என் மனசில் இருந்தது அப்படியே! கண் கலங்கிவிட்டது. குனியாத முதுகு குனிந்தது. பரிகாரப் பூஜைக்கும் தலையாட்டினேன்.

"நைனா, நான் எந்த மாசம் பொறந்தேன்?" என்றாள் ரூபா.

"புரட்டாசி. ரெண்டாவது சனிக்கிழமை. அன்னிக்கு நல்ல மழை..." சொல்லும்போதே உறைத்தது. ஜூன் ஒன்று நானே எழுதச் சொன்ன தேதி. ஐந்து வயது நிறையாமல் பள்ளியில் சேர்க்க மாட்டேன் என்றார் ஹெட்மாஸ்டர். பிறந்த நாளை நாலு மாதம் முன்னால் தள்ளினோம். பொய்த் தேதி கொடுத்தவனே அதன் பலனைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

சுவாமி அசரவில்லை. "சர்ட்டிபிகேட்டில் ஏறிய தேதிதான் அம்மா விதியின் தேதி!"

"அப்படியா?" ரூபா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க பிள்ளைங்க சர்ட்டிபிகேட்ல ஜூன் ஒண்ணாந்தேதி இருந்தா கை தூக்குங்க."

நாற்பது கைகள் எழுந்தன. சித்தூர் ஜில்லா முழுக்க ஒரே நாளில் பிரசவம்!

"சுனில், உன் காகிதத்தைக் குடு."

சுனில் எங்களுக்கு முன்பே பலன் வாங்கியிருந்தான். அவனும் ரூபாவும் ஒரே வகுப்பு. அதே ஜூன் ஒன்று, அதே வருஷம், அதே ஊர். பிறந்த நேரம் இருவருக்கும் சுவாமியே போட்ட காலை ஆறு மணி. அவன் காகிதத்தில்: "கடல் தாண்டினால் குலம் விளங்கும்."

"அத்தை, டோக்கன் வாங்கறப்போ என்னா சொன்னீங்க?"

"பையன் போனா நல்லா இருக்கும்னு சொன்னேன் கண்ணு. ஏன், தப்பா?" என்றாள் ரத்தினம்மா.

ரூபா என் டோக்கனையும் சுனில் டோக்கனையும் வாங்கி உயர்த்திக் காட்டினாள். சுனிலுடையதில் ஒரு டிக். என்னுடையதில் ஒரு பெருக்கல் குறி. அறுபது பேரும் தங்கள் டோக்கனைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"வைரஸ் புகுந்துவிட்டது!" என்று சுவாமி சுவிட்சை அணைத்தார்.

வாசலில் என் வாய் உளறியதை உள்ளே காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். அதற்கு பஸ் டிக்கெட் வேறு.

"போகக் கூடாதுன்னா நீங்களே சொல்லுங்க நைனா. ஏன்னும் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

சொல்லப் பார்த்தேன். குடும்ப மானம் என்று ஆரம்பித்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. சாவியை அவிழ்த்து அவள் கையில் வைத்தேன்.

நாகபூஷணம் அன்றே ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்று புத்தூரில் பேசிக்கொள்கிறார்கள். பொய். திருப்பதியிலேயே அடுத்த தெருவில்தான் இருக்கிறார். பலகையை 'இன்டர்நெட் ஜோதிடம்' என்று மாற்றியிருக்கிறார். வரிசை முன்னைவிட நீளம். நாம் யோசிக்காமல் நிற்கும்வரை அவர் எதற்காக ஓட வேண்டும்?