சொட்டு மாஸ்டரின் நாலாவது படி

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ படைகள் வந்து போயிருக்கின்றன. ஆனால் செஞ்சி ஆண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நாக்கை நீட்ட வைத்தவர் சரித்திரத்திலேயே ஒருவர்தான். அவர் சொட்டு மாஸ்டர்.

திருவண்ணாமலை ரோட்டில் ஓர் உரக்கடை. அதற்கு மேல் மாடியில் அவருடைய ஜிம். கீழே பயிருக்கு உரம், மேலே ஆளுக்கு உரம் என்று ஊரே கிண்டல் பண்ணும். ஆளுக்கான உரம் மாஸ்டரின் சட்டைப் பையில் ஒரு சின்னப் பழுப்பு பாட்டிலில் இருந்தது. பயிற்சி முடிந்ததும் "நாக்க நீட்டு" என்பார். சொட்டுச் சொட்டாக விடுவார். கசப்பு உச்சி மண்டைக்கு ஏறும்.

"இன்னா மாஸ்டர் இது?" என்று கேட்டால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஃபாரின் ஸ்டீராய்டு. வெளிய சொல்லிடாத" என்பார். சொல்லாதே என்றால் எங்கள் ஊரில் விடுவார்களா? தொப்பையைக் குறைக்கப் போன எனக்கே நிற்க இடம் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது.

மாஸ்டரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வாசலில் நின்றாரென்றால் உள்ளே லைட் போட வேண்டும். ஒரே ஒரு விசித்திரம், மாடிப்படி ஏறும்போது நாலாவது படியில் நின்று போனை எடுத்து வெகுநேரம் பார்ப்பார். அங்கேதான் டவர் கிடைக்கிறது போல என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

இந்த ஜிம்முக்கு மேல்சித்தாமூரிலிருந்து தனஞ்செயன் வந்து சேர்ந்தார். நயினார் என்று அழைக்கப்படும் சமணக் குடும்பம், மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரம், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். முட்டை கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது, பொழுது சாய்ந்தால் சாப்பாடே கிடையாது. மனிதருக்கு ஆசை மட்டும் மாவட்ட ஆணழகன் பட்டத்தின் மேல். மல்லாட்டையும் சோயாவுமாகத் தின்று உடம்பையும் ஏற்றிவிட்டார். அது போதாதென்று சென்னையில் ஒரு போன் கோச்சைப் பிடித்தார். முகத்தைக்கூடப் பார்க்காமல் அந்த மகான் ஊசியும் மருந்துமாக ஒரு பார்சல் அனுப்பிவிட்டார்.

"மாஸ்டர், இத கொஞ்சம் குத்தி விடுங்க" என்று தனஞ்செயன் இடுப்பைக் காட்டி நின்றார்.

மாஸ்டர் பார்சலில் இருந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டூப்ளிகேட்டு நயினாரே. மாட்டுக்குக்கூட ஆவாது. ஒரிஜினல் நம்மகிட்ட இருக்குது, டோஸ ஏத்திடலாம்" என்று பார்சலைப் பிடுங்கிக்கொண்டார்.

"மாஸ்டர், இதுல எலும்பு, கொழுப்பு எதுனா சேருமா?"

"சுத்த சைவம்."

ஸ்டீராய்டில் ஏது சைவம் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. தனஞ்செயனுக்கு எண்ணெய் தடவிவிட நானும் போயிருந்தேன். திடீரென்று மைக்கில், "இந்த வருஷம் எல்லாருக்கும் சிறுநீர் பரிசோதனை உண்டு" என்றார்கள். வரிசையில் நின்ற இரண்டு மாமலைகளுக்கு அந்த நிமிஷமே ஊருக்குப் போகும் பஸ் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் ஆள் ஜட்டியோடு ஓடி பாத்ரூமுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"வெளிய வா நயினாரே" என்று மாஸ்டர் கதவைத் தட்டினார்.

"வர மாட்டேன்! மாட்னா எங்க ஊர்ல எப்டி மூஞ்சிய காட்றது? டெஸ்ட்ல மாட்டாத மருந்து இருக்குதுன்னு மெட்ராஸ் கோச்சு அன்னிக்கே சொன்னாரு. இனிமே அவருகிட்டயே போறேன்!"

மாஸ்டர் முகம் செத்துப்போனது. சுற்றிலும் எங்கள் ஜிம் ஆட்கள், வெளியூர் ஜிம் ஆட்கள். கதவுக்கு இன்னும் கிட்டே போனார்.

"அது வெந்தயம்யா."

"இன்னாது?"

"வெந்தயமும் நிலவேம்பும். எங்க வூட்ல காய்ச்சற கஷாயம்."

"பொய் சொல்லாதீங்க! சொட்டு வுட்டதும் ஒடம்புல கரண்டு ஏறுச்சே!"

"அது நீ துன்ன மல்லாட்டை."

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மாஸ்டர் கதவில் முதுகைச் சாய்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மருந்து இல்லன்னு சொன்னா எவன் என்கிட்ட நிக்கறான்? நேரா ஊசி போடறவன்கிட்ட போயிடறீங்க. நானும் போனவன்தான்யா. எனக்கும் ஒரு கோச்சு இருந்தாரு. கப்பு வாங்கிக் குடுத்தாரு. இப்ப இதயம் வீங்கிக் கெடக்குதுன்னு டாக்டர் சொல்றாரு. நாலு படி ஏறினா மூச்சு நின்னுடுது. போன்ல எனக்கு எவன் மெசேஜ் அனுப்பறான்? மூச்சு வாங்கத்தான் நிக்கறேன். ஒனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது, வெளிய வா."

சிரிப்பு நின்றுவிட்டது. தாழ்ப்பாள் மெல்லத் திறந்தது.

பரிசோதனையில் தனஞ்செயன் சுத்தம். மாமலைகள் பஸ் ஏறிவிட்ட புண்ணியத்தில் இரண்டாம் பரிசு.

ஆனால் செஞ்சி திரும்பினால் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டு கொடுக்கிறார் என்று நம்பியிருந்த வரைக்கும் மாஸ்டர் மாஸ்டர் என்று தாங்கிய அதே ஜனம், கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் மோசடிப் பேர்வழி என்றது. "வெந்தயத் தண்ணிய குடுத்து ஏமாத்திட்டான்" என்று கடைத்தெருவில் பேசினார்கள். உடம்பைக் கெடுக்காத குற்றத்துக்காகப் பாதிப் பேர் ஜிம்மிலிருந்து நின்றுவிட்டார்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

தனஞ்செயன் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. இன்றும் பயிற்சி முடிந்ததும் நாக்கை நீட்டுகிறோம். வெந்தயம் என்று தெரிந்த பிறகு கசப்பு இன்னும் கூடிவிட்டது.

தினமும் மூவரும் சேர்ந்துதான் படி ஏறுவோம். நாலாவது படியில் மாஸ்டர் போனை எடுப்பார். உடனே தனஞ்செயனும் நானும் எங்கள் போன்களை எடுத்துக்கொண்டு நிற்போம். ஒரு மெசேஜும் வந்திருக்காது. அவருக்கு மூச்சு வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்போம்.