தாடி ஞானி சொன்னார்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் மனைவியிடம் ஒரு வாக்குவாதத்திலாவது ஜெயித்தே தீருவது என்று அன்று காலை பல் தேய்க்கும்போது சபதம் எடுத்தேன். வாயில் நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஊருக்கெல்லாம் பவர் போட்டுக் கொடுப்பவன். வீட்டில் மட்டும் எனக்குப் பவர் கிடையாது. மனைவி முன் அறையிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். அவள் டேப்பால் அளப்பாள். நான் வாயால் அளப்பேன். எங்கள் குடும்பம் அளவான குடும்பம்.

"என்னங்க, ஃபேனைப் பாருங்க. தூசி கயிறு கயிறா தொங்குது. ஏறித் துடைங்க."

ஸ்டூலைப் பார்த்தேன். ஸ்டூல் என்னைப் பார்த்தது. அப்போதுதான் ஒரு வாசகம் தானாக வாயில் வந்தது.

"ஒரு தாடி ஞானிகிட்ட அவர் மனைவி இதையேதான் சொன்னாங்களாம்."

"எதை?"

"தூசி துடைக்கச் சொல்லி. அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'தூசி காலத்தின் கையெழுத்து. அதை அழிக்க நான் யார்?'"

மெஷின் நின்றது. ஊசி பாதித் துணியில் நின்றது. அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "நல்லாத்தான் சொல்லியிருக்கார்" என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள்.

ஜெயித்துவிட்டேன்! முதல் வெற்றி!

அதன்பிறகு நான் ஆளே மாறிப்போனேன். அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேனா? "வழியாத பாலை யாரும் ஞாபகம் வச்சுக்கறதில்லைன்னு ஒரு கவிஞர் சொல்லியிருக்கார்." ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குறட்டை விட்டேனா? "சிந்தனையாளன் கண்ணை மூடினா அது தூக்கம் இல்லை, வேலை நேரம்." ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். அந்த அறிஞர்கள் எல்லோரும் என் மண்டைக்குள் குடியிருந்தார்கள் என்று உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் புகழ் சுவர் தாண்டியது. பக்கத்து வீட்டுப் பேங்க்காரர் ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சார், மாமியார் ஒரு மாசம் தங்கறதுக்கு வர்றாங்க. அவசரமா ஒரு மேற்கோள் வேணும்."

"விருந்தாளி நிலா மாதிரி. தேய்ந்தால்தான் அழகு."

"யார் சொன்னது?"

"ஒரு நாடக ஆசிரியர்."

மாமியார் பத்தாம் நாளே கிளம்பிவிட்டாராம். பேங்க்காரர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு நூலக வாசகர் வட்டச் செயலாளர் கண்ணாடி ஸ்குரூ கழன்று கடைக்கு வந்தார். முடுக்கிக் கொடுத்துக்கொண்டே இரண்டு துணுக்குகளை எடுத்துவிட்டேன். மனிதர் சிரித்த சிரிப்பில் மறுபடி ஸ்குரூ கழன்றது. "சனிக்கிழமை சாயங்காலம் நீங்கதான் பேசறீங்க. தலைப்பு, அறிஞர்கள் வாழ்வில் நகைச்சுவை" என்றார்.

சனிக்கிழமை வந்தது. அறுபது நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. மூன்றாவது வரிசையில் என் மனைவி. நான் வெளுத்து வாங்கினேன்.

"ஒரு விமர்சகர் ஒரு எழுத்தாளர்கிட்ட, 'உங்க நாவலை ஒரே மூச்சுல படிச்சேன்'னாராம். அதுக்கு எழுத்தாளர், 'நடுவுல மூச்சு விட்டிருக்கலாமே? அதுக்குத்தானே கமா போட்டு வச்சேன்'னாராம்!"

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. அடுத்து தாடி ஞானி. அவர் வீட்டுக்கு வந்த ஒருவர், 'இங்கே எத்தனை புத்தகம் இருக்கு?' என்றாராம். 'எண்ணத் தெரிஞ்சா நான் ஏன் படிச்சுக்கிட்டிருக்கேன், கடை வச்சிருப்பேனே' என்றாராம் ஞானி. மறுபடி கைதட்டல்.

முன்வரிசையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுந்தார். அவர் சிரிக்கவே இல்லை.

"அருமை. அந்த ஞானி யார்? இதெல்லாம் எந்த நூல்ல இருக்கு?"

தண்ணீர் குடித்தேன். டம்ளர் காலியானது. காலி டம்ளரையும் குடித்தேன்.

"எந்த நூல்?" என்றார் மறுபடியும்.

"நூல் என்கிட்ட இருக்குங்க." மூன்றாவது வரிசையிலிருந்து மனைவி எழுந்தாள். "நான் தையல்காரி. அவர் சம்சாரம்."

சபை சிரித்தது. பேராசிரியரின் உதடுகூட லேசாக அசைந்தது.

"பேரைச் சொல்லக் கூடாதுங்கறது அந்த ஞானியோட ஆசை. அவ்வளவு அடக்கம். ஆனா அவரைப் பத்தி இன்னொண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா!" என்றது கூட்டம்.

"அவரைப் பார்க்க நாலு பேர் வந்தாங்க. 'ஞானி எங்கே?'ன்னு கேட்டாங்க. அவர் சம்சாரம் சமையலறையைக் காட்டினாங்க. உள்ளே ஞானி பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருக்கார். 'ஐயா, நீங்களா இதையெல்லாம்?' அவர் சொன்னார், 'நேத்துச் சொன்ன தத்துவம் இன்னைக்கு நாறாது. நேத்துச் சாப்பிட்ட தட்டு நாறும். எதை முதல்ல கவனிக்கணும்?'"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பக்கத்திலிருந்த கணவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவரும் அந்த ஞானி வழியிலேயே நடக்கறவர்தான்" என்று என்னைக் காட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "இந்தச் சம்பவம் உண்மைதானா?"

இல்லை என்றால் என் ஞானி சாவார். ஞானியோடு நானும் சாவேன்.

"சத்தியமான உண்மை! நானே படிச்சிருக்கேன்!"

அறுபது பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேராசிரியர் மேடையேறி என்னைக் கட்டிப்பிடித்தார். செயலாளர் ஒரு பேனா பரிசளித்தார். என் வாழ்க்கையிலேயே அப்படியொரு சாயங்காலம் வந்ததில்லை. வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தேன்.

"காப்பாத்திட்டே. நான் புளுகறேன்னு எப்போ தெரியும்?"

"முதல் நாளே. உங்களுக்கு எதுக்கெல்லாம் சோம்பலோ அதைப் பத்தி மட்டுமே உலகத்து அறிஞர்கள் எல்லாரும் பேசியிருந்தா தெரியாதா?"

"அப்புறம் ஏன் தலையாட்டினே?"

"பதினெட்டு வருஷத்துல நீங்க இவ்வளவு அழகாப் பேசி நான் கேட்டதில்லைங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு சந்தோஷமான விஷயம்" என்றாள். "பேராசிரியரும் வாசகர் வட்டமும் நாளைக்குக் காலைல நம்ம வீட்டுக்கு வர்றாங்க. பன்னிரண்டு பேர். நீங்க ஞானி வழியில நடக்கறதை நேர்ல பார்க்கணுமாம். நீங்க தேய்க்கறதுக்குப் பக்கத்து வீட்டிலேயும் அண்டா குண்டாவெல்லாம் கேட்டு வாங்கிடறேன்."

மேடையில் நான் கதாநாயகன்தான். வீட்டில் எனக்குக் கிடைத்தது வெறும் பாத்திரம்.