மண்டோர் அக்கா கேட்ட இரண்டாவது பெயர்

கோலா சாவா தோட்டத்தில் மண்டோர் அக்காவிடம் பெயர் கொடுக்காமல் ஒரு சேவல்கூடக் கூவியதில்லை. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கும் வேலையாட்களின் பெயரைக் கூப்பிடுவது மண்டோரான அவர் உத்தியோகம். அந்த வாய் அதோடு நிற்காது. கல்யாணப் பந்தியிலும் கூப்பிடும். ஒருமுறை சி ரூசா கடற்கரைக்குப் போன பஸ்ஸில், போகும்போது முப்பத்தெட்டுப் பேர், திரும்பும்போது முப்பத்தொன்பது. "யாரு லா அது, கூட ஒரு ஆளு?" என்று அரை மணி நேரம் வண்டியை எடுக்க விடவில்லை. கடைசியில் பார்த்தால், போகும்போது டிரைவரை எண்ண மறந்திருக்கிறார்.

நான் அப்போது தோட்டத்து வீட்டிலிருந்தே முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். மிக நெருக்கமாகச் சுற்றிவரும் இரட்டை நட்சத்திரங்கள் பற்றியது. நெருக்கத்தால் அவை வேகமாகச் சுழலும், காந்தப்புலம் வலுக்கும், மேலடுக்கு சூடேறிப் புற ஊதா ஒளியைக் கக்கும். அந்த ஒளி நம் காற்றைத் தாண்டி வராது. செயற்கைக்கோள் பதிவுகள்தான் கதி. பன்னிரண்டு ஜோடிகளில் ஒன்று மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. சரிசெய்ய ஒரு வாரம் இருந்தது. தவறினால் ஆறு மாதம் தள்ளிப்போகும், கைக்கு வந்த வேலையும் போய்விடும்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த அக்கா என் மடிக்கணினியை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பேர் லிஸ்ட்டா?"

"நட்சத்திரங்க அக்கா. ஒரு ஜோடிக்கு ஒரு வரி."

"ரெண்டு பேருக்கு ஒரு வரியா? யாரு பேர்ல?"

"வெளிச்சமா தெரியறது பேர்ல."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் புருஷன் குலை வெட்டுவான், பெண்டாட்டி உதிரிப் பழம் பொறுக்குவாள், பதிவில் அவன் பெயர் மட்டும் இருக்கும். இதற்காக மேனேஜரிடம் மூன்று முறை சண்டை போட்டவர் அவர்.

"படிச்ச புள்ள நீயே இப்படி எழுதுனா எப்படி லா? அந்தப் பொம்பள வேலையே செய்யலையா?"

"நட்சத்திரத்துல பொம்பள இல்லக்கா."

"பாத்தியா, இல்லியா?"

பார்க்கவில்லை. அவரை அனுப்பி வைத்தால் போதுமென்று, கணக்குக்கு அடங்காத ஜோடியின் வரியை இரண்டாகப் பிரித்தேன். புற ஊதாப் பதிவில் மக்னீசியத்தின் நிறமாலைக் கோடு முன்னும் பின்னும் நகர்வதை, மங்கலான நட்சத்திரத்தின் வேகத்தோடு ஒப்பிட்டேன். அச்சாகப் பொருந்தியது. ஒளியைக் கக்கியது ஒன்று, நான் எழுதியது மற்றதன் பெயரில்.

அக்கா வியக்கவெல்லாம் இல்லை. மீதிப் பதினொரு ஜோடிகளையும் பெயர் பெயராக வாசிக்க வைத்தார். ஒவ்வொன்றுக்கும் தானே "வந்திருக்கு" என்று பதில் சொன்னார்.

ஆய்வேடு ஏற்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தபோது அம்மா அடுப்படியில்தான் இருந்தார். நான் செருப்புகூடப் போடாமல் அக்காவைத் தேடிச் செம்பனைக் காட்டுக்கு ஓடினேன்.