கசாயத்தார் மணியடிக்காத ஞாயிறு

சுகமாக இருக்கிற மனிதரைக் கண்டால் சந்தேகப்படுகிறவர் கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவர்தான் இருந்தார். எங்கள் ஊர் மாதா கோயிலில் மணியடித்துக்கொண்டிருந்த கசாயத்தார்.

அவர் வீட்டைச் சுற்றி நிலவேம்பு, ஆடாதோடை, தூதுவளை, துளசி. கால் வைக்க இடம் இருக்காது. வழி கேட்டு வந்தவனுக்கும் ஒரு லோட்டா கசாயம் கொடுத்துவிட்டுத்தான் வழி சொல்வார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கும் அதேதான். மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் குடித்தார். அங்கேயே கல்யாணம் நிச்சயமாயிற்று.

மலைமேல் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். அங்கே கூலியாட்களின் பெயர் எழுதப் போன நான் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தேன். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். கூட வந்தவர்களில் இருவர் இறந்துபோயிருந்தார்கள். என் மனைவி ஞானம்மா அழுதுகொண்டே போய்க் கசாயத்தாரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. எங்கள் அடுப்பங்கரையில் நிலவேம்பும் சுக்கும் மிளகும் கொதித்துக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்கு மணி அடிக்கவில்லை. சாமியாரே தேடி வந்துவிட்டார்.

"என்னப்பா, சனமெல்லாம் மணிக்குக் காத்துக் கெடக்காக."

"எட்டுல ஒண்ணா வத்தணும் சாமி. இப்ப எந்திரிச்சா அடிப்பிடிச்சுப் போகும்."

சாமியார் என்னைப் பார்த்தார். போய்த் தாமே மணியடித்தார். பழக்கமில்லாத கை, விட்டு விட்டு அடித்ததில் அது சாவுமணியாகக் கேட்டிருக்கிறது. நான்தான் போய்விட்டேன் என்று ஊரே மாரடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

கசாயத்தார் எட்டிப் பார்த்தார்.

"அவுக நல்லாத்தேன் இருக்காக. இங்கன வந்ததுதான் வந்தீக, ஆளுக்கு ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க. ஆத்தா ஞானம்மா, பெரிய சட்டியை எடு."

வாசல் காலியாக வெகுநேரம் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் உடம்பெல்லாம் வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கண் திறந்தேன். கசாயத்தார் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். சட்டியை இறக்கி இறக்கி விரலெல்லாம் கொப்புளம். ஞானம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விழித்துவிடாமல் ஒவ்வொரு விரலுக்கும் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு எங்களுக்கு ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். ஐந்து பேரையும் பிறந்ததும் கசாயத்தாரின் அந்தக் கைகளில்தான் முதலில் கொடுத்தோம்.