பதினோரு மொட்டைகளும் ஒரு மாப்பிள்ளையும்

நான் சமூக சேவை செய்யப் போனதற்குக் காரணம் இரக்கம் அல்ல, கல்யாணம். இதை ஊரறியச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. மாத்தளை டவுனில் ஒரு கொக்கோ ஸ்டோரில் நான் கிளாக்கர். இருபத்தாறு வயது. தலை நிறைய முடி. அதை நெற்றிக்கு மேலே கோபுரம் மாதிரி தூக்கி வாரிவிட தினமும் காலையில் அரை மணி நேரமும் அரைப் போத்தல் தேங்காய் எண்ணெயும் தேவைப்படும். (அரைப் போத்தல் என்பது அம்மா சொன்னது. நான் கால் போத்தல் என்றுதான் சொல்வேன்.)

ரத்தோட்டையில் ஒரு பெண் இருப்பதாகத் தரகர் வந்து சொன்னார். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், பொதுத்தொண்டு என்றால் உருகிவிடுகிறவர். அது தெரிந்ததும் தரகர் எங்களைக் கேட்காமலே அங்கே ஒரு பொய்யை இறக்கிவிட்டு வந்திருந்தார்.

“பையன் ஞாயித்துக்கெழமை ஆனா போதும், ரோட்டுல கெடந்த புள்ளைங்களுக்குச் சேவை செய்யப் போயிருவாருன்னு சொல்லிட்டேன் தம்பி. பொண்ணு பாக்குறதுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. அதுக்குள்ள போக ஆரம்பிச்சிருங்க. அவுங்க விசாரிச்சா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்.”

பஸ் ஸ்டாண்டிலும் ஸ்டேஷனிலும் சந்தையிலும் படுத்துக் கிடந்த பையன்களைச் சேர்த்து வளர்க்கும் விடுதி ஒன்று டவுனை விட்டுச் சற்றுத் தள்ளி இருந்தது. திரேசா மேட்ரன்தான் அங்கே எல்லாம். வஹகோட்டை என்ற கத்தோலிக்கக் கிராமத்துக்காரி, பல வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். என் தலையில் மட்டும் கண் கொஞ்ச நேரம் நின்றது.

“புள்ளைங்களுக்கு என்ன செய்வீங்க?”

“எது வேணும்னாலும் செய்வேன்” என்றேன். அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் உச்சந்தலை கூசுகிறது.

முதல் ஞாயிறு கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். ராசு என்று ஒரு பத்து வயதுப் பையன், பஸ் ஸ்டாண்டில் கடலை விற்றவன். நான் பென்சிலைத் தேடுவதற்குள் மனதிலேயே போட்டு விடையைச் சொன்னான். இரண்டாவது ஞாயிறு ஒழுக்கத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது என் செருப்பைக் காணவில்லை. (பேச்சு நன்றாக இருந்தது என்று பிறகு திருப்பிக் கொடுத்தார்கள்.) மூன்றாவது ஞாயிறு பந்து விளையாடினோம். நான் கோல் காத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நான்காவது ஞாயிறு ரத்தோட்டையில் பெண் பார்க்கிற நாள். அதனால் சனிக்கிழமையே விடுதிக்குப் போனேன். மேட்ரன் வாசலில் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். பதினோரு பையன்களைத் திங்கட்கிழமை தமிழ்ப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கூட்டிப்போனபோது தலைமையாசிரியரான பெரிய மாஸ்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“தல நெறைய பேனுன்னாரு. இதுங்க ஏதும் செஞ்சா யாரு பதில் சொல்றதுன்னாரு. இந்தத் தடவையும் திருப்பினா அவ்ளோதான். இன்னைக்குப் பாத்து சலூன்காரருக்குக் காய்ச்சல். அனே கடவுளே, இந்தத் தலைகள நான் எப்படிக் கொண்டு போவேன்?”

நாளைக்கு ரத்தோட்டையில் சொல்ல எனக்கு ஒரு பெரிய சேவை தேவைப்பட்டது. “மெஷின் இருக்கா? நானே வெட்டுறேன்” என்றேன். மாதத்துக்கு இரண்டு தடவை சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்க்கிறவனுக்கு இது வராதா என்ன!

முதலில் ராசு உட்கார்ந்தான். இடது பக்கம் நன்றாகத்தான் வந்தது. வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. அதைச் சரிக்கட்ட இடது பக்கம், பிறகு வலது பக்கம். கடைசியில் தேயிலை மலையில் புதிதாக ரோடு வெட்டியது போல நடு உச்சியில் ஒரு பாதை விழுந்தது. முதல் தலை பழகுவதற்குத்தான் என்று இரண்டாவது பையனைக் கூப்பிட்டேன். பிறகு மூன்றாவது. ஆறாவது தலையில் எனக்குக் கை கொஞ்சம் படிந்து வந்த நேரத்தில் மேட்ரன் வந்து பார்த்துவிட்டு மாதாவைக் கூப்பிட்டார்.

“மொட்டதான் போடணும்! பதினோரு பேருக்கும்!”

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளிகளைச் சிரைத்துப் பழகிய கை அவருடையது. சவரக்கத்தியோடு வந்தார். ஆனால் ஒரு பையனும் உட்காரவில்லை. எல்லோரும் கொய்யா மரத்தில் ஏறிவிட்டார்கள். மொட்டைத் தலையோடு போனால் ஸ்கூலே சிரிக்கும் என்று மேலேயிருந்து சத்தம் போட்டார்கள்.

“எறங்கி வாங்கடா, ஒண்ணும் ஆகாது. முடி வளந்துரும்” என்று நான் கீழேயிருந்து தைரியம் சொன்னேன்.

ராசு கிளையை விலக்கி எட்டிப் பார்த்தான். “அப்ப நீங்க மொதல்ல போட்டுக்குங்கண்ணே. ஒங்களுக்கும் வளந்துரும்தானே?”

“எனக்கு நாளைக்குப் பொண்ணு பாக்கப் போகணும்டா!”

“எங்களுக்கு நாளன்னைக்கி ஸ்கூலு பாக்கப் போகணும்.”

மேட்ரன் என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். வாசலை ஏற்கெனவே இரண்டு பையன்கள் இறங்கி வந்து மறித்து நின்றார்கள். “ஒக்காருங்க மிஸ்டர்” என்றார் மேட்ரன்.

கோபுரம் மூன்று நிமிடத்தில் சரிந்தது. எழுந்திருக்கப் போனேன். “மீசையும் முடிதானேண்ணே” என்றான் ராசு. அதுவும் போனது. அதன் பிறகு பதினோரு பேரும் ஒவ்வொருவராக வந்து சந்தோஷமாகத் தலையைக் கொடுத்தார்கள்.

வீட்டில் அம்மா என்னைக் கண்டு கதவைச் சாத்தப் பார்த்தார். அப்பா கேட்டது ஒன்றுதான்: “ஏன்டா, என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?” தலையும் மீசையும் மழித்த மகன் என்றால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ரத்தோட்டை. மழையில் பாதையெல்லாம் சேறு. அப்பாவும் அம்மாவும் வெளியே பைப்பில் கால் கழுவிக்கொண்டிருக்க, நான் முந்திக்கொண்டு உள்ளே ஏறினேன். ஸ்டேஷன் மாஸ்டர் என் தலையைப் பார்த்தார். மீசை இருந்த இடத்தைப் பார்த்தார். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

“மனசத் தேத்திக்குங்க தம்பி. இப்படி ஒரு நேரத்துலயும் சொன்ன நாளுக்கு வந்திருக்கீங்களே! எத்தன நாளாச்சு?”

எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த தரகர் வாயைப் பிளந்தார். உள்ளே ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா வேட்டியை உதறிக்கொண்டே படியேறி வந்தார்.

“அய்யய்யோ, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல யாருங்க போய்ட்டாங்க?”

ஸ்டேஷன் மாஸ்டர் அணைத்த கையை எடுத்துவிட்டார். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. தரகர் சொன்னது, நான் சேவைக்குப் போன காரணம், மெஷின், கொய்யா மரம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் நீண்டுகொண்டே போனது. அப்போது கதவுத் திரைக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடியும் சிரித்தார்கள். பிறகு அதே குரல் கேட்டது:

“அந்தப் புள்ளைங்கள நாளைக்கி ஸ்கூல்ல சேத்துக்குவாங்களா?”

நேற்றிலிருந்து நான் என் முடிக்காக மட்டும்தான் துக்கம் காத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதினோரு பேரைப் பற்றி ஒருதரம்கூட நினைக்கவில்லை.

“கடிதம் போடுறோம்” என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை ஸ்டோரில் லீவு சொல்லிவிட்டு விடுதிக்குப் போனேன். மேட்ரன் முன்னால், பதினோரு பேர் நடுவில், நான் பின்னால். ரோடே நின்று வேடிக்கை பார்த்தது. ராசு என் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தான். “நீங்க முன்னால வாங்கண்ணே. ஒங்களப் பாத்துத்தான் நல்லாச் சிரிக்கிறாங்க. எங்கள விட்டுர்றாங்க.”

பெரிய மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் மாட்டினார். “இதுல எத்தன பேருக்கு அட்மிஷன்?”

“என்னையத் தவிர மத்தவங்களுக்கு, சேர்.”

அவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பேன் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த கேள்வியை விடவில்லை. “ஏதும் நடந்தா யாரு பதில் சொல்றது? விடுதிக்கு வெளிய நிரந்தர விலாசமும் வேலையும் உள்ள ஒரு ஆள் கையெழுத்துப் போடணும்.”

மேட்ரன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். பதினோரு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்னைக் கூட இல்லை, என் தலையைப் பார்த்தார்கள்.

“நான் சொல்றேன்” என்று என் வாய் சொன்னது. பதினோரு படிவம். பாதுகாவலர் என்ற இடத்தில் பதினோரு தடவை என் பெயர்.

மாத்தளையில் இருந்து ரத்தோட்டைக்கு அந்தச் செய்தி பஸ்ஸை விட வேகமாகப் போனது. போய்ச் சேர்ந்தபோது அதன் உருவம் இப்படி ஆகியிருந்தது: மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பதினோரு பிள்ளைகள்! வியாழக்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் நேராகப் பாடசாலைக்கே போய்ப் பெரிய மாஸ்டரிடம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, ஸ்டோருக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார்.

“முடி வளர எத்தன மாசமாகும் தம்பி?”

“மூணு மாசமாவது ஆகும்.”

“அப்ப தை மாசம் வச்சுக்குவோம்” என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அந்தப் பாடசாலையில் எந்த ஜன்னல் உடைந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். திரைக்குப் பின்னால் சிரித்த விமலாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதில் சொல்லிவிட்டு வருவேன். எங்களுக்கு இரண்டு பெண்கள். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் விமலா கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வாள்:

“எனக்கு ரெண்டு. அவருக்குப் பதிமூணு.”

கேட்டவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்ப்பார். விளக்கம் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போய்விடுவாள்.