மகளுக்கு வந்த இரண்டாவது மூக்கு

மகளின் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது காலை பதினொன்றரை மணி. பிழை அப்போதே தொடங்கிவிட்டது. மெசினில் அல்ல, கூடவே ஒரு கணித ஆசிரியர், அதாவது நான், வந்திருந்ததில்.

யுத்தம் முடிந்த வருடம். ஐந்து வயது மகள் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, வாந்தியும் எடுத்திருந்தாள். மண்டைக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம் என்றார்கள். சுனாமியில் கடல் வந்த அன்று கைக்குழந்தையான அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். அதன்பிறகு அவள் தும்மினாலும் ஓடுவேன். (சளிக்குக்கூட இரண்டு டொக்டரிடம் காட்டுவேன்.) மனைவி நிந்தவூரில் தாய்வீட்டில் இருந்தாள். தகவல் அனுப்பியிருந்தேன்.

பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஸ்கேன் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தவர்களுக்குப் பாடம் எடுத்தேன்.

“பலாப்பழத்த வெட்டாம உள்ளுக்க எத்தின சுளை எண்டு பாக்கிற கணக்கு இது. சுத்திவர நிழல் எடுக்கிற. எல்லா நிழலையும் வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினா உள்ளுக்க இரிக்கிறது படமா வரும். ஒரே நிபந்தனை, பழம் அசையப்படாது.”

“கூட்டல் பிழைச்சா, சேர்?” என்றார் கையில் கட்டுப் போட்டிருந்த, என்னைவிட மூத்த மீன் வியாபாரி.

“கணக்கு பிழைக்காது காக்கா. ஆக்கள்தான் பிழை விடுற.”

உள்ளே எனக்கு ஈய அங்கி மாட்டி, மகளின் காலடியில் நிறுத்தினார்கள். மெசின் சுழன்றது. கைகளை ஏந்திச் சத்தமாகத் துஆ ஓதத் தொடங்கினேன். வீட்டில் நான் பழக்கிய பிள்ளை அல்லவா? ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டி “ஆமீன்” சொன்னாள். முடிவில் தலை அசையாதிருக்கப் போட்டிருந்த நெற்றிப் பட்டியைத் தள்ளிவிட்டு, இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டாள். (நீளமான துஆ.)

படம் எடுத்த தம்பி எங்களுக்குப் பின்னாலேயே வெளியே வந்தார். “சேர், நீங்க சத்தமா ஓத, மகள் தலைய ஆட்டி, படத்தில ரெண்டு மூக்கு வந்திரிக்கி. ரத்தம் இரிக்கா இல்லையா எண்டு இதில பாக்கேலாது. மறுகா எடுக்கணும்.”

“பழம் அசைஞ்சிட்டு போல,” என்றார் மீன் வியாபாரி.

இரண்டாம் முறை என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். மூடிய கதவைப் பார்த்தபடி நின்றேன். தெரிந்த சூத்திரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில் டொக்டர் தலையை நீட்டி, “ஒண்டுமில்ல சேர், வெளிவீக்கம்தான்” என்றார். மகளைத் தூக்கிக்கொள்ள உள்ளே ஓடினேன்.

மகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் துஆவை நீட்டினால் இன்றும் இரண்டு விரல்களை மூக்கருகே உயர்த்திக் காட்டுவாள்.

அன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பின்னேரம் அசர் தொழுகை நேரத்துக்குத்தான் மனைவி வந்து சேர்ந்தாள். மகளை மடியில் வாங்கி, வீக்கத்தைத் தடவியபடி, மீன் வியாபாரி சொன்ன கதை முழுவதையும் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“ஏன், மனசுக்குள்ள ஓதினா அல்லாஹ்வுக்குக் கேக்காதெண்டா நினைச்சீங்க?”