கம்பத்துக்கு வேர்

"என்னங்க, உங்க கம்பம் பேசிச்சா?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள் மனைவி.

"பேசலம்மா. முனகுது."

ஓய்வுபெற்ற பல் டாக்டர் ரேடியோவின் குமிழைத் திருகினார். ஊரார் வாயில் பஞ்சை அடைத்து, பேசவிடாமலே சம்பாதித்தவர். இப்போது யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று தவம் கிடந்தார். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, மேகத்துக்குக் கிச்சுக்கிச்சு மூட்டும் உயரத்தில் கொல்லையில் ஆன்டெனா நட்டும், ஓர் ஈ காக்கைகூடப் பதில் சொல்லவில்லை.

"இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் கெடு. ஒரே ஒரு ஆள்கிட்ட பேசிக் காட்டுங்க. இல்லன்னா கம்பத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்."

"இது மரம் மாதிரிம்மா. மேல நிக்கறது பாதி. கீழ வேர் வேணும்."

வேர் போட்டார். கம்பத்தைச் சுற்றிச் செம்புக் கம்பிகளைச் சூரியக் கதிர்போல் விரித்து மண்ணுக்குள் புதைத்ததில், மனைவியின் ரோஜாச் செடிகள் வரிசையாக மல்லாந்தன. ஆனால் முனகல் தெளிந்து, "ஆ…" என்று கேட்டது.

டாக்டருக்கு அது தொழில்முறையில் பழகிய சத்தம். பூரித்துப்போனார். முழ நீளச் சுத்தியலோடு போய், ரேடியோவோடு இணைத்த ஓர் எர்த் கம்பியைக் கம்பத்தடி மண்ணில் இறக்கினார்.

"என்னங்க! நீங்க அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் இந்த ரேடியோ அலறுது!"

"கனெக்‌ஷன் சரியாகுதுன்னு அர்த்தம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு!" என்றார் பழக்க தோஷத்தில்.

உள்ளே ஓடிவந்து மைக்கைப் பிடித்தார். "எங்கேர்ந்து பேசறீங்க?"

"பக்… கம்…"

"எந்த நாடு?"

இரைச்சல். கொல்லையில் ஓர் இலைகூட அசையவில்லை. கம்பம் மட்டும் மெல்ல ஆடியது.

"மண்ணு காஞ்சு கிடக்கு. அதான் விட்டுவிட்டு வருது. இதுக்கு ஒரே வைத்தியம்தான்."

"உப்புத் தண்ணியா? நீங்க எதுக்குத்தான் அதைச் சொல்லல?"

பல்வலி, தொண்டைவலி, மாமியார் கோபம் எல்லாவற்றுக்கும் அவர் தந்த ஒரே மருந்து அது. வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினார். மண் மடக் மடக்கென்று குடித்தது. அப்புறம், சத்தியமாக, இருமியது.

ஜன்னல் வழியே ரேடியோவின் குரல் கணீரென்று கேட்டது: "போதுங்க! போதும்!"

"பாத்தியா! ஆள் கிடைச்சாச்சு!" என்று குதித்துக்கொண்டு உள்ளே வந்தார் டாக்டர்.

மனைவி வெளிறிப்போய் நின்றாள். அவள் கையில் ஆன்டெனா கேபிளின் நுனி.

"கத்தல் தாங்காம இதைப் பிடுங்கிட்டேன். அப்பவே பிடுங்கிட்டேங்க. இன்னும் பேசுது."

டாக்டர் ரேடியோவின் பின்பக்கம் பார்த்தார். மிச்சமிருந்தது, ஜன்னல் வழியாக வெளியேறி மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பி மட்டும்.

"நீங்களாவது உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா," என்றது குரல், மரியாதையாக. "கம்பி மண்டையில இறங்கினதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்; உப்புத் தண்ணி கண்ணெல்லாம் எரியுது."